வளைந்த பாகங்களை அசெம்பிளியில் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் வந்த பிறகு, முப்பரிமாணத்தில் காட் (CAD, கணினியில் வரையும்) வரைபடம் செய்யத் தெரிந்த பிள்ளைகள் வன்னியில் கூடியிருக்கிறார்கள். தனித்தனிப் பாகத்தை வடிவாக வரைகிறார்கள். அவற்றை ஒன்றுசேர்த்து அசெம்பிளி ஆக்கும்போது, அதுவும் பாகம் வளைந்ததாக இருந்தால், அங்கேதான் மணிக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். அவர்களும் பட்டறைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்படியே எழுதியிருக்கிறேன். வேறுபாடு உள்ள இடத்தில் பெயர் சொல்கிறேன்.

தட்டையான தகடுகள் உடனே பொருந்துகின்றன. உருளை, கோளம் என்று வந்தால் ஏன் வழுக்கிக்கொண்டு போகின்றன?

சும்மா மிதக்கும் ஒரு பாகத்துக்கு ஆறு அசைவுகள் உண்டு. மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைப் பற்றிச் சுழலலாம். நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கட்டுப்பாடும் இந்த ஆறில் சிலவற்றைப் பறிக்கிறது. தட்டையான முகத்தைத் தட்டையான முகத்தோடு ஒட்டினால் மூன்று போய்விடும். ஒரு தண்டைத் துளைக்குள் விட்டு இரண்டுக்கும் ஒரே அச்சு என்று சொன்னால் நான்கு போகும். நீளவாக்கில் சறுக்குவதும் தன் அச்சில் சுழல்வதும் மிஞ்சும். கோளத்தின் மையத்தை இன்னொரு கோளத்தின் மையத்தில் வைத்தால் மூன்று. உருளையைத் தளத்தின் மேல் தொடலியாக, அதாவது வெட்டாமல் தொட்டபடி, வைத்தால் இரண்டே இரண்டு. கோளத்தைத் தளத்தில் தொடவிட்டால் ஒன்று மட்டும்.

எல்லாமே ஒரு சொடுக்குத்தான், ஆனால் பறிப்பது ஒன்றிலிருந்து நான்கு வரை மாறுகிறது. பாகம் வழுக்கினால் மென்பொருளைக் குறை சொல்ல முன் ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்: ஆறில் எத்தனை போயிருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது, மிஞ்சியது உண்மையான இயந்திரத்திலும் அசைய வேண்டியதுதானா? இந்த எண்ணும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்படியென்றால் வளைந்த பாகத்தில் எதைப் பிடிக்க வேண்டும்?

தோலைப் பிடிக்காதீர்கள். அந்த வளைவு எங்கிருந்து பிறந்ததோ அதைப் பிடியுங்கள். உருளைக்கு அச்சு, கோளத்துக்கு மையம், குழாய்க்கு நடுக்கோடு, சமச்சீரான பாகத்துக்கு நடுத்தளம். இவை பாகத்தின் தடிப்பு மாறினாலும், விளிம்பை உருட்டினாலும், யாராவது பிறகு ஒரு துளை சேர்த்தாலும் இடம் மாறாது. மேற்பரப்பைப் பிடித்துப் பொருத்திய அசெம்பிளி, பாகத்தில் சின்ன மாற்றம் செய்தவுடன் உடைந்து சிவப்பாகிவிடும். இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாப் பதில்களும் இதிலிருந்துதான் வருகின்றன.

அச்சும் தளமும் பாகத்தில் இல்லையென்றால், அசெம்பிளிக்குப் போக முன் பாகத்துக்குள்ளேயே அவற்றை வரைந்து பெயரும் வையுங்கள். ‘தளம் 7’ என்று விட்டால் அடுத்த கிழமை உங்களுக்கே விளங்காது. ‘தண்டின் அச்சு’, ‘நடுத்தளம்’ என்று எழுதுங்கள்.

தொடலி என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அது எதற்கு?

உண்மையிலேயே ஒன்றையொன்று தொட்டபடி உருளும், சறுக்கும் பாகங்களுக்கு. பாரம் தூக்கும் கயிறு கப்பியை விட்டுப் பிரியும் இடம், தகடு வளைக்கும் உருளைகளுக்கு இடையில் தகடு, நெம்புகோலின் நுனியில் உள்ள சிறு சில்லு. அங்கெல்லாம் தொடலிதான் சரி.

இதில் இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தொடலிக்கு எப்போதும் இரண்டு விடை உண்டு: உள்பக்கமாகத் தொடலாம், வெளிப்பக்கமாகவும் தொடலாம். மென்பொருள் பாகம் இப்போது நிற்கும் இடத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது. ஆகவே கட்டளையைக் கொடுக்க முன் பாகத்தைச் சரியான பக்கத்துக்குக் கையால் இழுத்து வையுங்கள். இரண்டு, உருளையை உருளையோடு தொடவிட்டால் அச்சுகள் சமாந்தரமாகத் தானாக வரும் என்று நம்பவேண்டாம். ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் இரண்டு குழாய்களும் ஒரு புள்ளியில் தொடத்தான் செய்கின்றன. சமாந்தரத்தைத் தனியாகக் கொடுங்கள்.

ஃப்ரீகாட்டில் தொடலி என்று தனி மூட்டு (அங்கே கட்டுப்பாட்டுக்கு அதுதான் பெயர்) தேடித் திரிபவர்கள் ‘தூரம்’ என்ற மூட்டைப் பாருங்கள். உருளைக்கும் தளத்துக்கும் தூரம் 0 என்று கொடுத்தால் அதுவே தொடலி.

போல்ட்டைத் துளையில் போட்டேன், ஆனால் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிழையா?

இல்லை. சுற்றட்டும். அச்சுக்கு நான்கு, தலையின் அடி முகத்துக்கு இன்னும் ஒன்று, மொத்தம் ஐந்து போய்விட்டது. இன்வென்டரில் ‘இன்சேர்ட்’ என்ற ஒரே கட்டளை இந்த ஐந்தையும் சேர்த்தே எடுக்கும். மிஞ்சிய சுழற்சி கண்ணை உறுத்தினால் பூட்டிவிடலாம். சொலிட்வொர்க்ஸில் ஒருமையக் (இரண்டுக்கும் ஒரே அச்சு என்னும்) கட்டுப்பாட்டுக்குள்ளேயே அதற்கு ஒரு தெரிவு உண்டு. பம்பின் தண்டும் தூண்டியும் (நீரைத் தள்ளும் இம்பெல்லர்) போல, இடையில் சாவி என்ற சிறு கட்டை வைத்துப் பூட்டும் பாகமென்றால் நிலைமை வேறு. அங்கே சாவிக்காடியின் பக்கச் சுவரை இணைத்து ஆறாவதையும் எடுக்க வேண்டும்.

இரண்டு துளைக்கும் ஒருமையம் கொடுத்தால் சிவப்பில் பிழை காட்டுகிறது. இரண்டும் சரியான இடத்தில்தானே இருக்கின்றன?

கண்ணுக்குச் சரி. கணக்குக்குச் சரியில்லை. முதல் துளையின் ஒருமையம் நான்கு அசைவை எடுத்துவிட்டது. இரண்டாவது துளைக்கு வேண்டியது சுழற்சி ஒன்றை நிறுத்துவது மட்டுமே. ஆனால் நீங்கள் அங்கேயும் நான்கைக் கேட்கிறீர்கள். இரண்டு பாகத்திலும் துளைகளுக்கு இடைத்தூரம் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால் மென்பொருள் பொறுத்துக்கொள்ளும். ஒன்றில் 120, மற்றதில் 120.1 மி.மீ. என்றால் அதற்கு விடையே இல்லை. முதல் துளைக்கு ஒருமையம் கொடுங்கள். இரண்டாவதுக்குப் பதிலாகப் பாகத்தின் ஒரு பக்கச் சுவரைச் சமாந்தரமாக்குங்கள். போதும்.

இதே சிக்கல் பெரிய அளவில் வருவது தண்டைத் தாங்கும் பெயாரிங் வீடுகளில். நெல் அடிக்கும் மெஷின், அரிசி ஆலை, கொப்பராச் செக்கு, எதைத் திறந்தாலும் யூசிபி 205 என்ற வகை போன்ற பெயாரிங் வீடுகள் ஒரு சோடி இருக்கும். உள்விட்டம் 25 மி.மீ., அடித்தளத்திலிருந்து மைய உயரம் 36.5 மி.மீ. பலர் தண்டை இரண்டு வீடுகளின் துளையோடும் நேரடியாக ஒருமையமாக்கிவிடுகிறார்கள். அடிச்சட்டம் ஒரு பக்கம் அரை மி.மீ. உயர்ந்தாலே எல்லாம் சிவந்துபோகும்.

அந்தப் பெயாரிங்கைக் கையில் எடுத்து வடிவாகப் பாருங்கள். அதன் வெளிப்புறம் உருளையல்ல, கோளத்தின் ஒரு துண்டு. வீட்டின் உட்புறமும் அதற்கேற்ற கோளக் குழி. வெல்டிங் சூட்டில் சட்டம் கொஞ்சம் வளைந்தாலும் தண்டு இறுகாமல் இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்கள் அசெம்பிளியும் அதையே சொல்ல வேண்டும்: பெயாரிங்கின் கோள மையம் வீட்டின் கோள மையத்தில், தண்டு பெயாரிங்கின் உள்துளையோடு ஒருமையம், வீட்டின் பாதம் சட்டத்தின் மேல். அப்படிப் பொருத்தினால் சட்டம் சரிந்தாலும் தண்டு தானாகத் தன் கோட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும், பிழை வராது. எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதையும் கோணமாக அளந்து பார்க்கலாம். வளைந்த பாகங்களில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. எதற்காக அந்த வடிவம் வந்தது என்று விளங்கினால் எந்தக் கட்டுப்பாடு கொடுப்பது என்ற கேள்வியே எழாது.

பெயாரிங்குக்குள் இருக்கும் குண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டுமா?

வேண்டாம். குண்டு ஓடும் பள்ளத்தின் ஆரை குண்டின் ஆரையைவிடச் சற்றுப் பெரியது, ஆகவே அங்கே ஒருமையமும் சரிவராது. பெயாரிங் முழுவதையும் ஒரே பாகமாக எடுங்கள், அல்லது உள்வளையம் வெளிவளையம் என இரண்டாக.

வளைத்த குழாயில் ஒருமையம் கொடுத்தால் பாகம் எங்கோ தூரத்துக்குப் பாய்ந்துவிடுகிறது.

நீங்கள் சொடுக்கியது வளைந்த பகுதியை. நேரான குழாய் ஓர் உருளை. அதன் அச்சு குழாயின் நடுவால் போகும். வளைந்த பகுதி வளைய வடிவம். அதன் அச்சு குழாய்க்குள் இல்லை. குழாயை எந்தப் புள்ளியைச் சுற்றி வளைத்தீர்களோ அந்தப் புள்ளியால், வளைவின் தளத்துக்குச் செங்குத்தாகப் போகிறது. மென்பொருள் அந்த அச்சைத்தான் எடுத்துக்கொண்டது, பாகம் அங்கே போனது. அது சொன்னபடி செய்தது.

பிடியை எப்போதும் குழாயின் நேரான துண்டில் கொடுங்கள். சைக்கிள் கான்டில், நாற்றுமேடைக்கு மேல் வலை போடும் வளைகுழாய், டிரக்டரின் கூரைச்சட்டம் எல்லாவற்றுக்கும் இதுதான். முழுவதுமே வளைந்த குழாயென்றால், அதை உருவாக்கிய நடுக்கோட்டு வரைபைக் காட்டிவையுங்கள். அந்தக் கோட்டில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் கோட்டுக்குச் செங்குத்தான ஒரு தளம் வையுங்கள். குழாயைப் பிடிக்கும் கவ்வியின் நடுப்புள்ளியையும் நடுத்தளத்தையும் இவற்றோடு சேர்த்தால் கவ்வி வளைவிலும் நேராக நிற்கும்.

பிவிசி முழங்கையில் இன்னொரு சின்ன விடயம். குழாய் நுழையும் வாயின் உட்சுவர் சற்றுக் கூம்பாக இருக்கும். தொடலி கொடுத்துப் போராடாமல் அச்சையும் நுழையும் ஆழத்தையும் கொடுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளைவுகள் இருந்தால் ஒருமையம் கொடுத்தால் சரிதானே?

இங்கே அவசரப்படக்கூடாது. லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) சில்லுக்கு மேலே மட்கார்ட் போடுகிறீர்கள் என்றால் சரி. இரண்டுக்கும் சில்லின் அச்சே மையம், இடைவெளி என்பது இரண்டு ஆரைகளின் வித்தியாசம், மிஞ்சிய சுழற்சியை ஒரு கோணத்தால் நிறுத்தலாம்.

நெல் அடிக்கும் உருளையும் அதற்குக் கீழே இருக்கும் வளைந்த சல்லடையும் பார்வைக்கு அதே மாதிரித்தான். ஆனால் கதிர் உள்ளே நுழையும் பக்கம் இடைவெளி கூட, வெளியே போகும் பக்கம் குறைவு. அப்படியென்றால் இரண்டுக்கும் மையம் ஒன்றல்ல. ஒருமையம் கொடுத்தால் திரையில் வடிவாக இருக்கும், மெஷினில் கதிர் அடைக்கும். சல்லடையின் மையத்தைத் தனியாகக் குறித்து, உருளையின் அச்சிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கிடையாகவும் நிலைக்குத்தாகவும் இரண்டு தூரம் கொடுக்க வேண்டும். இந்தச் சல்லடை ஏறி இறங்கக்கூடியது என்றால் அந்தத் தூரமே நீங்கள் மாற்றும் எண்.

நீர்ப்பம்பின் கூடும் இப்படித்தான். நத்தைபோலச் சுருளும் வெளிச்சுவரின் ஆரை போகப்போகக் கூடும். அதைப் பிடித்து தூண்டியை மையப்படுத்த முடியாது. தண்டு வரும் துளையைப் பிடியுங்கள்.

பழைய பாகம்தான் இருக்கிறது, வரைபடம் இல்லை. வளைவின் மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நூல் ஒன்றும் அளவுகோலும் போதும். வளைவின் இரண்டு நுனிக்கும் நூலை இழுத்துக் கட்டி அதன் நீளத்தை அளவுங்கள். நூலின் நடுவிலிருந்து வளைவு எவ்வளவு ஆழம் என்று அளவுங்கள். நூலின் நீளத்தை அதாலேயே பெருக்கி, ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்து, ஆழத்தின் பாதியைக் கூட்டினால் வருவது ஆரை. நூல் 600 மி.மீ., ஆழம் 60 மி.மீ. என்றால் 750 உடன் 30, ஆரை 780 மி.மீ.

ஆழத்தில் செய்யும் பிழை விடையில் பெருகும். 60 ஐ 61 என்று அளந்தால் ஆரை 768 ஆகிவிடும். ஆகவே எவ்வளவு நீளமான துண்டை அளக்க முடியுமோ அவ்வளவு நீளத்துக்கு அளவுங்கள். பிறகு பாதி நீளத்துக்கும் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே ஆரை வராவிட்டால் அந்த வளைவு வட்டத்தின் துண்டல்ல, அல்லது பாகம் நெளிந்திருக்கிறது. தேய்ந்த முகத்தை அளக்காமல், தேயாத ஓரத்தை அளப்பது நல்லது.

வான்கதவு மாதிரி ஒன்றைச் செய்முறைக்காக வரைகிறோம். வளைந்த தகட்டை அடித்தளத்தோடு தொடலியாக்கலாமா?

மாரியில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தார்கள் என்ற செய்தி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதைத் தெரிவுசெய்வது எனக்குச் சந்தோசம். வில்வடிவக் கதவு என்று ஒரு வகை உண்டு: முன்னால் உருளையின் துண்டாக வளைந்த தகடு, பின்னால் கைகள், கைகள் சேரும் இடத்தில் சுழலும் ஊசி. தகட்டின் வளைவு மையமும் அந்த ஊசியும் ஒரே கோட்டில் இருக்கும்படிதான் அதை அமைப்பார்கள். காரணம், நீரின் அழுத்தம் எந்த இடத்திலும் மேற்பரப்புக்குச் செங்குத்தாகவே தள்ளும். வட்ட வளைவில் அந்தச் செங்குத்துக் கோடுகள் எல்லாம் மையத்தால் போகின்றன. மையத்தில் ஊசி இருந்தால், குளத்து நீர் முழுவதும் தள்ளினாலும் கதவைச் சுழற்றப் பார்க்காது. தூக்குபவர் கதவின் பாரத்தையும் உராய்வையும் வென்றால் போதும்.

இப்போது கட்டுப்பாடுகள் தாமாக வந்துவிடும். தகட்டின் உருளை முகத்துக்கும் ஊசிக்கும் ஒருமையம். கதவின் நடுத்தளமும் வாய்க்காலின் நடுத்தளமும் ஒன்று. மிஞ்சுவது ஒரு சுழற்சி, அதற்குக் குறைந்த கோணம் கூடிய கோணம் என்று எல்லை வையுங்கள். அடித்தளத்தோடு தொடலி கொடுக்க வேண்டாம். மூடிய நிலை என்பது கோணத்தின் ஓர் எல்லை. பிறகு ஊசியை வேண்டுமென்றே 100 மி.மீ. கீழே நகர்த்தி, ஊசியைச் சுற்றிக் கதவைத் திருப்பிப் பாருங்கள். தகட்டின் நுனி முன்பு போன வட்டப் பாதையை விட்டு விலகுவது தெரியும். இந்த ஒரு பயிற்சி நிறையச் சொல்லித்தரும்.

லேத்தின் கூம்புத் தண்டுகள்?

கூம்பு கூம்புக்குள் இருந்தால் ஐந்து அசைவு போகும், சுழற்சி மட்டும் மிஞ்சும். ஆனால் இரண்டு கூம்பின் கோணமும் ஒன்றாக இருந்தால்தான். மோர்ஸ் கூம்பு ஏறக்குறைய 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் மாறும். விட்டத்தில் 0.05 மி.மீ. பிசகினால் தண்டு 1 மி.மீ. முன்னோ பின்னோ போய் நிற்கும். ஆகவே முகத்தோடு முகம் ஒட்டாமல், அச்சைச் சேர்த்து, நுனி எங்கே நிற்க வேண்டும் என்று தூரத்தைக் கொடுங்கள்.

படகின் உடல் போல எந்தப் பக்கமும் வட்டமில்லாத வளைவுக்கு என்ன செய்வது?

முல்லைத்தீவுப் பக்கத்து ஃபைபர் படகை எடுங்கள். உடலில் அச்சும் இல்லை, மையமும் இல்லை. பலகை வைக்கும் தாங்கியை வரைந்துவிட்டு அதை உடலோடு தொடலியாக்கப் பார்த்தால் மென்பொருள் ஒரு புள்ளியில் மட்டும் தொடவைக்கும், அல்லது மறுத்துவிடும்.

இங்கே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். படகின் நீளவாக்கு நடுத்தளம், ஒரு நீர்மட்டத் தளம், பின்புறத் தளம் என்று மூன்றை முதலில் நிறுத்துங்கள். தாங்கியைப் படகின் கோப்புக்குள்ளேயே, அதன் மேற்பரப்பை நகலெடுத்து, ஒட்டும் பசைக்கு வேண்டிய இடைவெளி விட்டு வரையுங்கள். பிறகு அசெம்பிளியில் தாங்கியின் தொடக்கப்புள்ளியைப் படகின் தொடக்கப்புள்ளியோடு பூட்டிவிடுங்கள். வளைவு பொருந்துவது வரைந்தபோதே முடிந்துவிட்டது. அசெம்பிளிக்கு மூன்று தளம் மட்டும் போதும்.

கேம் மேல் ஓடும் சில்லு பாதியில் நின்றுவிடுகிறது.

கேம் என்பது சுழன்றபடி தன்மேல் ஓடும் சில்லை ஏற்றி இறக்கும், வட்டமில்லாத தட்டு. அதன் விளிம்பு பல துண்டு முகங்களால் ஆனது. சாதாரண தொடலி ஒரு முகத்தை மட்டும் அறியும், முகம் முடிந்தவுடன் அடுத்த முகத்துக்குத் தாவாது. சொலிட்வொர்க்ஸில் கேமுக்கென்று தனிக் கட்டுப்பாடு உண்டு. முகங்கள் ஒன்றோடொன்று முறிவில்லாமல் தொடர்ந்து முழுச்சுற்றாக மூடியிருக்க வேண்டும். இன்வென்டரில் ‘டிரான்சிஷனல்’ என்று பெயர்.

இணையத்தில் எடுத்த பாகத்தில் அச்சே பிடிபடவில்லை.

எஸ்டிஎல் கோப்பாக இருக்கும். அதில் உருளை என்று ஒன்றில்லை, முக்கோணங்கள் மட்டும். முப்பரிமாணப் பிரிண்டிங்குக்கு அது போதும், அசெம்பிளிக்கு ஆகாது. உருளையை உருளையாகவே வைத்திருக்கும் ஸ்டெப் கோப்பைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் துளையின் விளிம்பில் மூன்று புள்ளியால் ஒரு வட்டம் வரைந்து அதன் மையத்தால் அச்சு போடுங்கள்.

வீட்டில் இருப்பது பழைய லப்டொப். எதில் பழகலாம்?

ஃப்ரீகாட் இலவசம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து அசெம்பிளிப் பகுதி அதனோடேயே வருகிறது. ஒன்ஷேப் உலாவியில் ஓடும், வரைபடத்தை எல்லோரும் பார்க்க விட்டால் இலவசம்; ஆனால் இணையம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டோகாட் மட்டும் தெரியும் என்பவர்களுக்கு: அதில் இருபரிமாண வரைபுக்குக் கட்டுப்பாடு உண்டு, முப்பரிமாணப் பாகங்களை இப்படிப் பொருத்தும் வசதி இல்லை.

கப்பிகளுக்கு இடையில் பெல்ட்டை எப்படிப் பொருத்துவது?

பெல்ட்டைப் பொருத்தவே வேண்டாம். இரண்டு கப்பிகளின் அச்சையும் சமாந்தரமாக்கி, நடுத்தளங்களை ஒன்றாக்குங்கள். பெல்ட் தேய்வதும் கழலுவதும் பெரும்பாலும் இந்த நடுத்தளம் பிசகுவதால்தான். பிறகு அந்தத் தளத்தில் இரண்டு வட்டமும் இரண்டு தொடுகோடும் வரைந்தால் அதுவே பெல்ட்டின் பாதை. 300, 100 மி.மீ. கப்பிகள், மையத்தூரம் 600 என்றால் பாதையின் நீளம் ஏறக்குறைய 1845 மி.மீ. கடையில் அந்த நீளத்துக்குப் பெல்ட் கிடைக்காது, பக்கத்து அளவுதான் கிடைக்கும். அதனால் நீளத்தைப் பூட்டி மையத்தூரத்தை மாறவிடுங்கள். மோட்டரின் அடித்தட்டில் நீள்துளை எவ்வளவு வேண்டும் என்று அதுவே காட்டும்.